அசல் எது?

ஒரு பொருளின் மதிப்பு எதில் உறைகின்றது? அது செய்யப்பட்ட இரும்பிலா? அதன்பொருட்டு நாம் செலவிட்ட பணத்திலா? அன்றி, அது கடந்து வந்த காலத்திலா? இவ்வினா மிகப் பழையது. எனினும் ஒவ்வொரு தலைமுறையும் தன் கையில் உள்ள பொருளை முன்வைத்து இதனை மீண்டும் வினவிக்கொள்ள வேண்டியுள்ளது.

இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சான்று வாசக அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்க நாட்டில் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் செய்யப்பட்டு, இன்று பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்படும் பழைய கார்களே அச்சான்று. காரைப் பற்றிய பேச்சில் அறத்திற்கு என்ன இடம் என்று கேட்கலாம். மனிதன் எங்கே ஒரு பொருளின்மீது பற்று வைத்து, அதற்கு விலை கூறி, அதனைக் குறித்துப் பிறனுக்குச் சொல் கொடுக்கின்றானோ, அங்கே அறத்திற்கு இடம் உண்டு.

மசில் கார்களின் தோற்றம்

நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி, எளியவிலையில் பெருவேகம் தந்த கார்களை அமெரிக்கர் ‘மசில் கார்’ என்பர். உடல்வலிமை மிக்க கார் என்பது கருத்து. இவ்வகையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் சுட்டுவது 1964ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜி.டி.ஓ. காரை. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்பது தலைமை நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக் பிரிவின் ஜான் டிலோரியன் முதலிய பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்த விரும்பினர். ஆகவே ஜி.டி.ஓ.வைத் தனிக் காராக அறிவிக்காமல், ‘லெமான்ஸ்’ என்னும் காரை வாங்குவோர் ஏறத்தாழ 296 டாலர் கூடுதலாகத் தந்து பெறும் விருப்பத் தொகுப்பாக அறிவித்தனர். முதலாண்டில் 32,450 கார்கள் விற்றன. பிற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. காப்பீட்டுக் கட்டண உயர்வும், புகை பற்றிய சட்டங்களும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அக்காலத்தை முடித்து வைத்தன.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஜி.டி.ஓ. ஒரு விருப்பத் தொகுப்பே ஆதலின், காரில் பொறித்த அடையாள எண்ணைக் கொண்டு அது ஜி.டி.ஓ.வா, வெறும் லெமான்ஸா என அறிய இயலாது. தொழிற்சாலையின் பழைய விற்பனைப் பதிவே அதனைச் சொல்லும். இன்று ஒருவர் வெறும் லெமான்ஸ் காரை வாங்கி, அதே எஞ்சின், அதே இருக்கை, அதே பெயர்ப்பட்டை அனைத்தையும் பொருத்துவாராயின், இரண்டு கார்களும் திருகாணி வரை ஒன்றாகவே இருக்கும். ஆயினும் ஒன்றினை அசல் என்றும் மற்றதை நகல் என்றும் கூறுகின்றோம். விலையிலும் பெரிய வேறுபாடு காண்கின்றோம். இரும்பில் இல்லாத வேறுபாடு எங்கே உள்ளது?

பழைய கப்பலும் பழைய காரும்

ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்து, இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து மீண்டும் ஒரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் எனப் பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் வினவினார்.

ஏட்டில் இருந்த இவ்வினா இன்று பட்டறைகளில் உயிர்பெற்றுள்ளது. பழைய காரின் அடித்தகடு துருவேறி உதிர்ந்திருக்கும்; அதனை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பர். பின்பக்கத் தகடு, டிக்கியின் தரை, கதவின் அடிப்பாகம் என ஒவ்வொன்றும் மாறும். 1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ போன்ற சில கார்களுக்கு, முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றது. பழைய காரில் எஞ்சுவது அடையாள எண் பொறித்த சிறு தகடு மட்டுமே எனில், அதனைப் புதிய கூட்டில் பொருத்திவிட்டால் பழைய கார் பிழைத்ததாகுமா? அவ்வாறு எண்தகட்டைப் பெயர்த்து மாற்றுவது அமெரிக்கச் சட்டத்தில் பெருங்குற்றமாகலாம். சட்டம் இருக்கட்டும், மனச்சான்று யாது கூறும்?

நம் கருத்து இதுவே. பொருளின் தன்மை அதன் துகள்களில் மட்டும் இல்லை. அது எங்கே தோன்றி எவ்வழியே வந்தது என்னும் தொடர்ச்சியிலும் உள்ளது. பலகையை ஒவ்வொன்றாக மாற்றும்போது அத்தொடர்ச்சி அறுவதில்லை. மாற்றத்தை மறைக்கும்போதுதான் அறுகின்றது. மறைக்காத மாற்றம் அப்பொருளின் வரலாற்றில் ஒரு பக்கம். மறைத்த மாற்றமோ அவ்வரலாற்றிலிருந்து கிழித்தெறிந்த பக்கம்.

இரண்டு மஸ்டாங் கார்கள்

1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்னும் திரைப்படத்திற்காக அடுத்தடுத்த அடையாள எண்களைக் கொண்ட இரண்டு ஃபோர்டு மஸ்டாங் கார்கள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்றை ஒரு குடும்பத்தார் 1974இல் 6,000 டாலருக்கு வாங்கினர். இல்லத்தரசியார் அதில்தான் நாள்தோறும் பணிக்குச் சென்று வந்தார். படத்தின் நாயகராகிய ஸ்டீவ் மக்வீன் 1977இல் கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் விற்கவில்லை. 1980க்குப் பின் நெடுங்காலம் அக்கார் ஓடாமல் நின்றது. பின்னர் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தபோது, மங்கிய பச்சை வண்ணத்தையும், துருவையும், படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்திய அடையாளங்களையும் அப்படியே விட்டுவைத்தனர். 2020 ஜனவரியில் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு அது விலைபோயிற்று.

மற்றொன்று 2017இல் மெக்சிகோ நாட்டில் எஞ்சின் இழந்த வெறுங்கூடாகக் கிடைத்தது. வாங்கியவர்கள் அதன் பெருமையை அறியாமல், வேறொரு படத்தில் வந்த மஸ்டாங்கின் நகலாக அதனை மாற்றத் தொடங்கியிருந்தனர்! அடையாள எண்ணை ஆராய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டு, அவ்வேலை நின்றது.

புகழ்பெற்ற அசல் ஒன்று, அறியாமையால், வேறொன்றின் நகலாகப் போக இருந்தது. அதன் துணைக்காரோ, எவரும் பளபளப்பாக்காமல் விட்டமையாலேயே பெருமதிப்புப் பெற்றது. புதுப்பித்தல் ஒருபோதும் தீங்கற்ற செயல் அன்று என்பதனை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. ஒரு காருக்கு நூறு முறையும் வண்ணம் பூசலாம். தொழிற்சாலையில் பூசிய முதல் வண்ணத்தை ஒருமுறை சுரண்டிவிட்டால் மீட்க இயலாது. எனவே கைவைக்கும் முன் காண வேண்டும். அழிக்கும் முன் அறிய வேண்டும்.

செலவும் விலையும்

முழுமையான புதுப்பிப்புக்கு ஆயிரம் மணி நேரத்திற்கு மேல் உழைப்புச் செல்வது அரிதன்று. தகட்டு வேலை, வண்ணம், குரோமியப் பூச்சு, எஞ்சின், இருக்கை எனத் தனித்தனியே பணம் கரையும். முடிவில், புதுப்பித்து முடித்த காரையே வாங்கியிருந்தால் இதனினும் குறைந்த தொகை ஆகியிருக்கும் எனக் கண்டவர் பலர். சந்தை விலையோ எவர் கையிலும் இல்லை. 2000களின் நடுவில் மசில் கார்களின் விலை வானளாவ ஏறிற்று; 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவையொட்டி வீழ்ந்தது. அரிதானவை பின்னர் மீண்டும் ஏறின. 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா திறந்த கார் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தகையவை செய்யப்பட்டதே பத்துப் பன்னிரண்டுதான். லட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண மஸ்டாங்கை வைத்திருப்பவர் இவ்விலையைக் கண்டு கனவு காண்பது பேதைமை.

செலவு, விலை, மதிப்பு என்னும் மூன்றும் வெவ்வேறு. செலவு என்பது நாம் கொடுத்தது. விலை என்பது பிறர் கொடுக்க இசைவது. மதிப்பு என்பது அப்பொருள் தன்னளவில் எதற்குச் சான்றாக நிற்கின்றதோ அது. நாம் அதிகம் செலவிட்டோம் என்பதற்காகப் பிறர் அதிகம் தரக் கடமைப்பட்டவர் அல்லர். இம்மூன்றையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்திலேயே தீமை முளைக்கின்றது.

பொய் நுழையும் வாயில்

1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கக் கார்களின் எஞ்சினிலும் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது. காரின் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்திருந்தால் அதற்கு விலை மிகுதி. ஆனால் இக்கார்கள் பந்தய ஆசையில் விரட்டப்பட்டவை. பலவற்றின் முதல் எஞ்சின் உடைந்து எந்நாளோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. எனவே அதே ஆண்டில் வார்த்த வேறொரு எஞ்சினைத் தேடிப் பிடித்து, அதன் எண்ணைத் தேய்த்து அழித்து, தொழிற்சாலை இயந்திரம் விட்ட மெல்லிய கீற்றுகளைக்கூட மீண்டும் உண்டாக்கி, வேண்டிய எண்ணைப் பொறிப்போர் தோன்றினர்.

இதற்கும் ஒரு நியாயம் கற்பிப்பர். “கதவும் தகடும் புதிதாகச் செய்தவை, வண்ணம் புதிது, எண் மட்டும் புதிதாகப் பொறிக்கலாகாதா? அதுவும் புதுப்பித்தல்தானே?” என்பர். வேறுபாடு உண்டு. தகடு காருக்கு உறுப்பு. எண் காருக்குச் சாட்சி. உறுப்பை மாற்றுவது மருத்துவம். சாட்சியை மாற்றுவது பொய்ச்சாட்சியம். எவராலும் கண்டுபிடிக்க இயலாதபடி செய்துவிட்டால் எவருக்குத் தீங்கு என்று கேட்பாரும் உளர். வாங்குபவர் தாம் பெறாத ஒன்றிற்குப் பணம் தருகின்றார், அதுவே தீங்கு. நேர்மையாக உண்மையைச் சொல்லி விற்பவரின் சொல்லையும் அஃது ஐயத்திற்கு உள்ளாக்குகின்றது. அது அதனினும் பெருந்தீங்கு.

இப்பொய்க்கு வித்து எது? தொடக்கத்தில் பலருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆசையால் தொடங்கி, கணக்கின்றிச் செலவிட்டு, விற்கும் வேளையில் போட்ட பணம் திரும்பாதெனக் கண்டதும், “எஞ்சின் அசல்தான்” என்னும் ஒரு சொல்லால் அவ்விழப்பை நிரப்ப மனம் துணிகின்றது. முதல் நாளில் போடாத கணக்கு கடைசி நாளில் பொய்யாக முடிகின்றது.

தந்தையின் கார்

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். மிச்சிகன் மாநிலத்தில் ஒருவருக்குத் தந்தையின் 1969ஆம் ஆண்டு செவர்லே செவல் எஸ்.எஸ். கார் வந்து சேர்கின்றது என்க. முதல் எஞ்சின் இல்லை. அடித்தகடு இற்றுள்ளது. முன் மட்கார்டில் ஒரு நசுங்கல். மகனுக்குக் கார் ஓட்டக் கற்பித்த நாளில் ஏற்பட்டது. பின் இருக்கையைக் கழற்றியபோது, தொழிற்சாலைத் தொழிலாளர் செருகி வைத்த ஒப்பனைத் தாள் மடிந்து கிடைக்கின்றது. அது உண்மையான எஸ்.எஸ். கார் என்பதற்கு அத்தாளே சான்று.

அவர் என் செய்வது? முதற்கண், மனைவி மக்களின் தேவைக்குரிய பணத்தைத் தொடாமல், திரும்பாது போயினும் வருந்தாத தொகையை வரையறுக்கட்டும். அத்தாளையும் காரின் இன்றைய நிலையையும் படம் எடுத்து வைக்கட்டும். இற்ற தகட்டை மாற்றட்டும். உயிரைக் காப்பது அசலைக் காப்பதினும் முற்பட்டது. இம்முறையிலேயே, ஒரே எண்ணெய்ச் சுற்றுடைய பழைய பிரேக்கைக் கொண்ட காரைச் சாலையில் ஓட்ட விரும்புவோர், அதனை இருசுற்று பிரேக்காக மாற்றுவதில் குற்றம் காண்பதற்கில்லை. வேறு எஞ்சின் பொருத்தலாம். அதன் எண்ணை உள்ளபடியே விடட்டும். மாற்றிய ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பின்னொரு நாள் விற்க நேர்ந்தால் காருடன் அதனையும் கொடுக்கட்டும்.

அந்த நசுங்கலை என் செய்வது? போட்டிக்குக் கொண்டுசெல்வோர் சிலர், தொழிற்சாலைச் சோதனையாளர் சுண்ணக்கட்டியால் இட்ட குறிகளையும், அக்கால வண்ணப்பூச்சின் வழிசல்களையும்கூட மீண்டும் வரைகின்றனர். முன்னம் எவரோ அவசரத்தில் செய்த பிழையை நிதானமாக நகலெடுக்கும் உழைப்பு அது. வெளிப்படையாகச் செய்யின் அதுவும் ஒரு கல்வியே. ஆனால் அவர்கள் 1969இன் ஒரு காலைப் பொழுதை மட்டும் அசல் என்கின்றனர்; அதன்பின் வந்த ஆண்டுகளைக் குறை என்று கழிக்கின்றனர். மகனுக்கோ அந்த நசுங்கலும் அசல். சந்தை அதற்கு விலை குறைக்கும். அவர் அதனை நிமிர்த்தினால் நாம் பழிக்கமாட்டோம். விட்டுவைத்தால் அதன் பொருள் நமக்கு விளங்கும்.

பொருள்கள் தேயும், துருப்பிடிக்கும், ஒருநாள் நம் கையைவிட்டு நீங்கும். அவற்றை என்றும் புதியனவாக நிறுத்துதல் எவருக்கும் இயலாது. இயல்வது ஒன்றுண்டு: அவற்றைக் குறித்து நாம் சொல்லும் சொல்லைத் துருவேறாமல் காப்பது. பழைய பொருள் எதனையும் கையில் எடுக்கும் முன், இதற்கு எவ்வளவு தருவோம் என்று கேட்பதுடன், இதனைப் பற்றி நாளை என்ன சொல்வோம் என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.