வேலியில் காய்ந்த துணி

பாட்டி தன் சின்ன வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது வேலிதான். "லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டிருந்தான். துணி காயப்போட அவ்ளோ வசதிடா தம்பி. காத்து அடிச்சா எல்லா வீட்டுச் சேலையும் ஒண்ணா பறக்கும். தீவாளிக்கு மொத வாரம் பாக்கணுமே, திருவிழாவுக்குக் கொடி கட்டுன மாதிரி இருக்கும்."

அடுத்து வருவது மத்தியானச் சாப்பாடு. "எங்கப்பா தீம்பாருக்குப் போறப்ப ஒண்ணும் கட்டிக்கிட்டுப் போகமாட்டாரு. பால் எடுத்து, ஸ்டோர்ல ஊத்திட்டு வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாரு. நாங்க அஞ்சு பிள்ளைகளும் அவரோட ஒக்காந்து சாப்பிடுவோம். அந்த மாதிரி இப்ப எந்த வீட்டுல இருக்கு?"

பாட்டி பிறந்தது 1944-இல், சிரம்பானை ஒட்டிய தெமியாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இந்த இரண்டு கதைகளையும் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பல வருஷம் கழித்து, எதற்காகவோ அவசரகாலத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டும் உண்மையில் ஒரே கதை என்று புரிந்தது.

1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் வாழ்ந்த சீனர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் குவித்து வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது நோக்கம். அதனால் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவதற்குத் தடை. வாசலில் சோதனை. இருட்டினால் ஊரடங்கு.

அதாவது, பாட்டியின் அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டது பிள்ளைகள்மேல் இருந்த பாசத்தால் மட்டும் அல்ல. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, வாளி தூக்கி, பசியாறக்கூட வழியில்லாமல் வெறும் வயிற்றோடு திரும்பிய மனுஷன் அவர். சேலைகள் பறந்த கம்பி அந்தச் சேலை கட்டியவர்களை உள்ளே வைத்திருந்த கம்பி.

இது தெரிந்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது, இன்னும் போகவில்லை. அநியாயமான ஓர் இடத்தைப் பற்றிய இனிமையான நினைவு பொய்யா? பொய் இல்லையென்றால், அதை நான் என்ன செய்வது?

என் மாமாவிடம் இதற்கு உடனடிப் பதில் இருக்கிறது. அவரும் தோட்டத்தில் பிறந்தவர், ஆனால் அறுபதுகளில். தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலம் அது. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. ஒரு தீபாவளி மத்தியானம் பாட்டி வழக்கம்போல வேலிக் கதையை ஆரம்பித்ததும் மாமா தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "அம்மா, அது ஜெயிலு. ஜெயிலுல துணி காயப்போட்டதப் போயி பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கீங்க." பாட்டி ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ப் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்.

மாமாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்று தோட்ட வாழ்க்கை ஒருவிதமான அலங்காரப் பொருளாகிவிட்டது. கல்யாண மண்டப வாசலில் மங்கும் உளியும் வைத்து அலங்கரிக்கிறோம். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்" என்று மேடையில் பேசுகிறோம். அந்த ஒற்றுமைக்குள் சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் வருவதில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவனிடம் அடிவாங்கிய பெண்கள் வருவதில்லை. பள்ளிக்கூடமும் நினைவில் இனிக்கிறது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பள்ளி இருந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அதற்கு அடுத்த படி மட்டும் இல்லை. பாட்டியின் அக்கா தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நின்றார். பாட்டி அதைச் சொல்லும்போதுகூட அக்கா முதுகில் தூக்கிக்கொண்டு போன சுகம்தான் முன்னால் வருகிறது.

ஏக்கத்தை ஒரு நோய் என்றே சொன்னவர்கள் உண்டு. 1688-இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர், ஊரைவிட்டுத் தூரத்தில் இருந்த சுவிஸ் நாட்டுக்காரர்கள் வீட்டு நினைவால் உடம்பு இளைத்து வாடுவதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். நாஸ்டால்ஜியா என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். அவர் சொன்ன மருந்து, நோயாளியை ஊருக்கு அனுப்பிவிடுவது. பாட்டியை எந்த ஊருக்கு அனுப்புவது?

இந்த இடத்தில் இங்கிலாந்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாட்டி வேலிக்குள் வளர்ந்த அதே ஐம்பதுகளில் அங்கே இரண்டு புத்தகங்கள் வந்தன. 1957-இல் ரிச்சர்ட் ஹாகர்ட் 'தி யூசஸ் ஆஃப் லிட்டரசி' எழுதினார். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் தெருக்களில் தான் வளர்ந்த வாழ்க்கை அதில் நிறைய இருக்கிறது. 1959-இல் லாரி லீ 'சைடர் வித் ரோஸி' எழுதினார், ஸ்லாட் என்ற சின்னக் கிராமத்துச் சிறுவயதைப் பற்றி. இரண்டு பேருமே வறுமையில் வளர்ந்தவர்கள். ஏழைத் தெருக்களை அளவுக்கு மீறிய கனிவோடு பார்க்கிறார் என்ற விமர்சனம் ஹாகர்ட்மேலும் உண்டு. ஆனால் அப்படி நினைத்துப் பார்க்கவே உனக்கு உரிமை இல்லை என்று அவரிடம் யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1953 பிப்ரவரியில் அங்கே மிட்டாய்மேல் இருந்த ரேஷன் நீங்கியது. அன்று கடைக்கு ஓடிய பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டிய கிழவர்கள். அந்த நாளைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்ந்தால் நாம் அதைப் பொய் என்போமா? அந்தத் தெருவில் ஓடிய சைக்கிளின் டயரில் தெமியாங் பக்கத்துப் பாலும் கலந்திருக்கலாம். போருக்குப் பிறகு பிரிட்டனின் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு மிக அதிகமாக டாலர் சம்பாதித்துக் கொடுத்த காலனி மலாயா. ரப்பரும் ஈயமும் கொடுத்த காசு அது. இரண்டு சிறுவயதுகளுக்கும் நடுவே அப்படி ஒரு கயிறு இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, பாட்டிக்கும் தெரியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. லாரி லீ 1997-இல் இறந்தபோது அவரை அதே ஸ்லாட் கிராமத்துத் தேவாலயத்தில் புதைத்தார்கள். தேவாலயம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வரைபடத்தில் பெயர் இருக்கிறது. அவர் நினைவில் ஏதாவது தப்பாக இருந்தால் சரிபார்க்க ஓர் ஊர் மிச்சம் இருக்கிறது. பாட்டியின் அப்பாவைப் புதைத்த தோட்டத்துச் சுடுகாடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தோட்டம் கைமாறியது. பிறகு மரம் போனது, லயம் போனது, பெயரும் போனது. வந்ததெல்லாம் தாமான். தொழிலாளிகள் காசு போட்டுத் தோட்டங்களை வாங்கலாம் என்று 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது காப்பாற்றிய தோட்டங்கள் உண்டு. பாட்டியின் தோட்டம் அதில் இல்லை. ஆக, அந்த இடத்துக்கு இன்று இருக்கும் ஒரே பத்திரம் பாட்டியின் ஞாபகம். அதில் வேலி கொடிக்கயிறாகப் பதிவாகியிருக்கிறது.

மாமா சொல்வதை முழுதாக ஏற்க எனக்கு ஒரு தடை இருக்கிறது. அங்கே எல்லாமே ஜெயில், இருந்த சந்தோஷமும் ஏமாற்று என்று சொன்னால், அந்த மனிதர்களின் நாட்கள் மொத்தத்தையும் துரைக்கே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. நிலம் அவனுடையது, மரம் அவனுடையது, வீடும் அவனுடையது. ஐந்து பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சாப்பிட்ட அந்த அரைமணி நேரத்தையும் அவன் கணக்கில் சேர்க்க வேண்டுமா? உணவுத்தடையை அரசு போட்டது. அந்தப் பந்தியைப் போட்டது பாட்டியின் அப்பாவும் அம்மாவும். அதை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை.

அதே சமயம் இன்னொன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஏங்குவதற்குப் பாட்டிக்கு இருக்கும் உரிமை எனக்கு இல்லை. அவர் விலை கொடுத்தவர். நான் அந்தக் கதையைச் சோறு ஆறுவதற்குள் கேட்டு ரசித்தவன். பாட்டி சொன்னால் அது நினைவு. அதையே நான் அப்படியே திருப்பிச் சொன்னால் அது எனக்கு ஒரு வசதி. வேலியை வேலி என்று சொல்லும் வேலை ஏழு வயதுச் சிறுமிக்குக் கிடையாது. அது அவளுக்குப் பின்னால் வந்து, படித்து, தேதிகளைத் தெரிந்துகொண்டவனுடைய வேலை.

இதை நான் வெறும் வாதமாகச் சொல்லவில்லை. நான் சிவில் பொறியாளன். பழைய தோட்ட நிலங்கள் வீடமைப்பாக மாறும்போது மண்மட்டமும் வடிகாலும் பார்ப்பது என் பிழைப்பு. வரைபடத்தில் கோடுகோடாகச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் 'அகற்றப்பட வேண்டிய கட்டடங்கள்' என்ற குறிப்பு. முதல் தடவை பார்த்தபோது அவை லயம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அளவு சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரவில் பாட்டி வீட்டுக்குப் போய் வேலிக் கதை கேட்டேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இனிப்பான கதைகளைப் பற்றி எனக்குப் பயம் வந்தது அதை யோசித்த பிறகுதான். அவை என்னைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டன.

அதனால் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "பாட்டி, ஒங்கப்பா ஏன் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகல?"

"அவருக்கு எங்களோட சாப்பிடத்தான் பிடிக்கும்."

நான் படித்ததைச் சொன்னேன். தடை, வாசல் சோதனை எல்லாவற்றையும். பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. "வாசல்ல தடவிப் பாப்பானுங்க, ஆமா" என்றார். பிறகு, "அப்ப அவரு பசியோடவா வந்தாரு?" என்று என்னையே கேட்டார். எண்பது வயதில் ஒரு மகள் தன் அப்பாவுக்குப் பசித்திருக்கும் என்று முதல்தடவையாக நினைக்கிறார். அதை நினைக்கவைத்தது நான். அன்று எனக்கு என்மேல் கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் பாட்டி அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஒரு பாட்டியின் சந்தோஷம் விலை என்றால், அந்த உண்மை யாருக்கு வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்ட நாட்கள் அவை. அதற்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் இல்லை. கேட்டிருக்கவே கூடாதோ என்று சில நாள் தோன்றும். கேட்காமல் இருந்திருந்தால் அந்த மனுஷனின் பசி எந்தப் பதிவிலும் இல்லாமலே போயிருக்கும் என்றும் தோன்றும்.

போன தைப்பூசத்துக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, கேட்காமலே பாட்டி ஆரம்பித்தார். அதே வேலி, அதே சேலைகள், அதே காற்று. சாப்பாட்டுக் கதைக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "பாவம், காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடாம வருவாரு. வந்தும் எங்களுக்கு ஊட்டிட்டுத்தான் சாப்பிடுவாரு" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பாட்டி இதுவரை நாங்கள் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"எங்கம்மா சேலை எல்லாத்துலயும் சின்னச் சின்ன ஓட்டையா இருக்கும். காத்துல பறக்கறப்ப முள்ளு கிழிச்சிடும்ல. ராத்திரி வெளக்கு வெச்சுக்கிட்டு ஒக்காந்து தைப்பாங்க."