கை மாறும் குரல்

அலுவலகத்து அழைப்பைச் சக ஊழியருக்கு மாற்ற மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மென்பொருளில் இரண்டு வழிகள். நேரே தள்ளிவிடலாம், அல்லது அழைத்தவரைக் காக்கவைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டு மாற்றலாம். முதலாவதற்கு 'பிளைண்ட் டிரான்ஸ்ஃபர்' என்பது தொழில் வழக்கு. குருடு யாருடையது என்பதை வழக்கு சொல்வதில்லை.

கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழிலிலிருந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர், ஆபரேட்டர் தன் வாடிக்கையாளர்களைப் போட்டியாளருக்குத் திருப்புவதாகச் சந்தேகித்தே தானியங்கி இணைப்பகத்தை யோசித்தார் என்றொரு கதை உண்டு. காப்புரிமை 1891இல் கிடைத்தது. இடையில் நிற்கும் மனுஷியை அகற்றியாயிற்று. இன்று அந்த இடத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் நிற்கிறான்.

கணவனின் இன்ஷூரன்ஸ் பணத்துக்காக அழைக்கும் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். நேரே தள்ளப்பட்டால் அவள் மரணத்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை துக்கம் உதிர்ந்து பாலிசி எண் மட்டும் மிஞ்சும். சொல்லி மாற்றுவது மேல்தான். ஆனால் அவள் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், அவளுக்குக் கேட்காத பேச்சில் அவள் ஒரு கதைச்சுருக்கமாகிறாள். 'தொணதொணப்பு, பார்த்துக்கொள்' என்றால் போதும், வாய் திறக்குமுன்பே தீர்ப்பு.

மூவரையும் ஒரே இணைப்பில் வைத்து, அவள் கேட்கவே ஒப்படைப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. மென்பொருள் அதற்கும் இடம் தருகிறது. அவள் காதுபட அந்த வார்த்தையைச் சொல்ல அநேகமாக யாருக்கும் நா எழாது.