ஐந்து ரூபாயில் மீந்த இரண்டு

திருச்சுழி பூமிநாத சுவாமி கோயில் பிராகாரத்தில், பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையனுக்குத் தாயார் தூக்குச் சட்டியிலிருந்த புளியோதரையை உருண்டை உருண்டையாகப் பிடித்து ஊட்டிக்கொண்டிருக்க, அவன் வாயை மட்டும் திறந்து மூடியபடி கோபுரத்துப் புறாக்களை எண்ணிக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கவனித்த அந்த அம்மாள், "நான் ஊட்டலேன்னா ஒரு வாய் திங்க மாட்டான், ஐயா" என்றாள்; குரலில் வருத்தத்தைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது.

அக்கோயிலுக்கு அண்மையிலேதான் 1879 டிசம்பர் 30-ஆம் தேதி, வக்கீல் சுந்தரமையருக்கும் அழகம்மாளுக்கும், பின்னாளில் ரமண மகரிஷி எனப் போற்றப்பட்ட வெங்கடராமன் பிறந்தான். 1892-ல் தகப்பனார் காலமாகிவிட, மதுரையில் சிற்றப்பா வீட்டிலிருந்து படித்த அப்பையன், 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி, தமையனாரின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில், திருவண்ணாமலைக்குச் செல்ல இவ்வளவு போதுமென்று தானே கணக்கிட்டு மூன்றை எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற விவரத்தையும் எழுதி, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். உலகையே துறக்கத் துணிந்தவன் அந்த இரண்டு ரூபாயை மறக்கவில்லை என்பதை நினைக்குந்தோறும், அவனை வளர்த்தவர்கள் மீது எனக்கு மதிப்பு உயர்கிறது. கண்காணிப்பவர் எவருமில்லாத நேரத்திலும் கூடவே வருவதைத்தானே வளர்ப்பு என்கிறோம்?

1898-ல் மூத்த மகனை அழைத்துக்கொண்டு, வெங்கடராமன் இருந்த திருவண்ணாமலைப் பவழக்குன்றுக்கு வந்த அழகம்மாள், நாள்தோறும் பட்சணம் கொண்டுவந்து கொடுத்து, அழுது, இறைஞ்சி, வீட்டுக்கு வரும்படி மன்றாடினாள். மௌனத்திலிருந்த மகன், அவரவர் பிராரப்தப்படி ஆட்டுவிப்பவன் ஒருவன் இருக்கிறான், நடவாதது எம்முயற்சியாலும் நடவாது என்னும் கருத்துப்பட எழுதிக் காட்டினார். விதவைத் தாய்க்கு இது கடுமையான மறுமொழிதான். அவளுடைய கண்ணீரை அஞ்ஞானமென்று ஒதுக்கிவிடுகிற உபந்நியாசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் 1914-ல் மகனைக் காண வந்த இடத்தில் அதே தாய் கடுஞ்சுரத்தில் விழுந்தபோது, விதியைச் சொன்ன அந்த மகனே அருகிருந்து பணிவிடை செய்ததோடு, அவள் பிழைக்க வேண்டுமென்று அருணாசலேசுவரனை வேண்டிப் பாடல்களும் இயற்றினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நடப்பது நடக்குமென்றால் வேண்டுதல் எதற்கு? கேள்வி நியாயமே. வாத்சல்யம் வேறு, கர்த்திருத்துவ புத்தி வேறு என்று பிரித்துக்கொண்டால் எனக்கு விடை கிடைக்கிறது. பிள்ளைக்காக உருகுவதை எந்த வேதாந்தமும் தடுக்கவில்லை. 'என்னால்தான் இவன் உண்கிறான், உறங்குகிறான், தேறுகிறான்' என்கிற அந்த 'என்னால்' என்பதைத்தான் அது விடச் சொல்கிறது. பிராகாரத்தில் கண்ட அம்மாளிடத்தில் அன்புக்குக் குறைவில்லை. சட்டியை அவன் கையில் கொடுக்க விடாமல் தடுத்தது அந்த ஒரு சொல்லே.

அழகம்மாள் 1916-ல் திரும்பி வந்தாள், இம்முறை மகனை அழைத்துப்போக அல்ல, அவரோடு தங்க. 1922 மே 19-ஆம் தேதி அவள் மறைந்தாள். மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மன்றாடி அழைத்தபோது வராத மகன், அவ்வாண்டு இறுதியில் எவரும் அழையாமலே மலையிலிருந்து இறங்கி, அச்சமாதியின் அருகிலேயே தங்கிவிட்டார்.