பல குரலும் ஒரு சுருதியும்

வானூர் வட்டத்தைச் சேர்ந்த இரும்பையில் உள்ள மாகாளேசுவரர் கோயில் ஞானசம்பந்தரின் பதிகம் பெற்றது. அங்கே தேவாரம் ஓதுவோர் ஒருவராயினும் பத்துப் பேராயினும், பண் ஒன்று, ஓட்டம் ஒன்று, சுரம் ஒன்று. அதன் அருகிலேயே, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கிய ஆரோவில் இருக்கிறது. அங்கே கூடிப் பாடும் சேர்ந்திசைக் குழுவினரோ, உயர்ந்த குரலினர் ஒருபுறமும் தாழ்ந்த குரலினர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்று, ஒரே வேளையில் வெவ்வேறு இசையோட்டங்களைப் பாடுகிறார்கள். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க நேர்ந்தவனுக்கு, இது சங்கீத ரசனையைப் பற்றிய வேற்றுமை மட்டும்தானா, அல்லது பலராகிய நாம் ஒன்றாவது எப்படி என்ற பழைய தத்துவ விசாரத்தின் இரண்டு விடைகளா என்ற ஐயம் எழாமல் போகாது.

நம்மவர் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். போதேந்திரரும் ஸ்ரீதர ஐயாவாளும் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகளும் வளர்த்த பஜனை சம்பிரதாயத்தில், ஒருவர் நாமத்தை எடுத்துக் கொடுக்க, கூடியிருப்போர் யாவரும் அதனையே அதே மெட்டில் திருப்பிச் சொல்லுகிறார்கள். நல்ல குரலும் கரகரத்த குரலும் அதில் மூழ்கிப் போவதால், ‘நான் பாடுகிறேன்’ என்ற அகங்காரத்துக்கு அங்கே இடமில்லை. சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை உப்பை நீரில் இட்டுவரச் சொல்லி, மறுநாள் எந்தப் பக்கம் பருகினாலும் உப்பே கரிக்கிறது என்று காட்டிய திருஷ்டாந்தம் இத்தகைய ஐக்கியத்துக்கே பொருந்தும். ஆனால் மரக்காணத்து உப்பளங்களை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கதையின் பிற்பகுதியையும் அறிவார்கள்: பாத்தியில் தேங்கிய உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற, கரைந்திருந்த உப்பு பரல் பரலாகத் திரும்பி வருகிறது. கரைந்தது அழியவில்லை.

மற்றொரு விடையை உலகத்தின் பல மூலைகளில், பெரும்பாலும் ஏட்டுச் சுவடியோ இசைக்குறிப்போ இல்லாத உழவர்களும் இடையர்களும் காத்து வைத்திருக்கிறார்கள். காகசஸ் மலைநாடாகிய ஜார்ஜியாவின் பலகுரல் இசையை 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்நாட்டின் கிழக்குப் பகுதிக்கு உரிய ‘சக்ருலோ’ என்ற பாட்டில், கூட்டம் முழுவதும் அடியில் ஒரு நீண்ட கார்வையைப் பிடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் இரண்டு தனிக்குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்தும் விலகியும் எழும்புகின்றன. 1977ஆம் ஆண்டு வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய பொன் இசைத்தட்டில் இந்தப் பாட்டும் இருக்கிறது. கேசர்பாய் கேர்கர் ஒற்றைக் குரலில் பாடிய பைரவியும் இருக்கிறது. பூமியின் சார்பில் இரண்டு விடைகளையும் ஒரே தட்டில் அனுப்பியவர்கள் தத்துவ விசாரம் செய்தார்களோ என்னவோ, காரியம் நியாயமாக அமைந்துவிட்டது.

இதைவிடக் கடினமானது லித்துவேனியப் பெண்களின் ‘சுதார்த்தினே’ பாடல்கள். அடுத்தடுத்த இரண்டு சுரங்களை, நம் செவிக்குச் சுருதி பிசகியதாகவே தோன்றுமளவுக்கு நெருக்கமாக, இரு குரல்கள் ஒருங்கே பாடுகின்றன; சிலவற்றில் இருசாராரும் வெவ்வேறு சொற்களையே பாடுகிறார்கள். அந்த உரசலே அவர்களுக்கு அழகு. பக்கத்திலிருப்பவள் இழுக்கும் இழுப்பில் தன் சுரத்தை விட்டுவிட்டாலும் பாட்டுக் கெடும்; அவளைக் கேளாமல் காதைப் பொத்திக்கொண்டு பாடினாலும் கெடும். கேட்டுக்கொண்டே தானாக நிற்பது, நின்றுகொண்டே பிறருக்கு இடம் கொடுப்பது என்ற இந்தச் சாதனையை எந்த ஆசிரமத்தின் யம நியமங்களுக்கும் தாழ்ந்ததாக நான் எண்ணவில்லை.

ஆட்சேபம் உண்டு, அதைச் சொன்னவர்களும் சாமானியர் அல்லர். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போப் இருபத்திரண்டாம் ஜான், தேவாலய இசையில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி விளையாடுவதால் மூல ராகமே மறைந்து, பக்தியைவிடச் செவியின்பமே மிகுகிறது என்று கண்டித்து ஆணை பிறப்பித்தார். நம் ஓதுவார்களுக்கும் இந்தக் கவலை இயல்பாகவே இருக்கும்: சொல்லே மந்திரமாகிய இடத்தில் நான்கு குரல்கள் நான்கு திசையில் இழுத்தால் பதிகத்தின் எழுத்து யாருக்குக் கேட்கும்? நியாயமான கேள்விதான். ஆகையினால் தேவாரத்தை நான்கு குரலாகப் பிரிக்கவேண்டும் என்று நான் வாதிக்க வரவில்லை. ஒருமை ஒற்றைக் குரலால் மட்டுமே சித்திக்கும் என்ற முடிவைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த முடிவை நம் சித்தாந்திகளே ஒப்பவில்லை. சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தை விளக்கப் புகுந்த மெய்கண்டார், இறைவனும் உயிரும் நிற்கும் நிலைக்குப் பண்ணையும் ஓசையையும், பழத்தையும் சுவையையும் எடுத்துக் காட்டினார். பிரிக்க முடியாமல் கலந்து நிற்பது, ஆயினும் ஒன்று மற்றொன்றாகிவிடாமல் நிற்பது என்பதே அவர் கருத்து. முத்தியிலும் உயிர் தன் இருப்பை இழப்பதில்லை என்பது சைவத்தின் துணிபு. இராமானுஜரும் சீவர்களை ஈசுவரனுக்குச் சரீரமாக வைத்தாரேயன்றி இல்லையென்று தள்ளவில்லை. தத்துவத்தில் இத்தனை நுட்பமாக ஒன்றையும் பலவற்றையும் சேர்த்து வைத்த நாம், பாட்டில் மட்டும் ஏன் கரைதலோடு நின்றுவிட்டோம் என்று கேட்கத் தோன்றும்.

நின்றுவிடவில்லை என்பதற்கு நாகசுரக் கச்சேரியில் ஒரு சாட்சி உண்டு: ஒத்து ஊதுகிறவர். யாரும் அவரைக் கவனிப்பதில்லை. நாகசுரக்காரர் தோடியை விரித்து விரித்துப் போக, பக்கத்தில் இவர் மூச்சு அறாமல் ஒரே ஆதார சுரத்தைப் பிடித்திருப்பார். அவருக்குக் கற்பனை இல்லை, கைத்தட்டல் இல்லை. ஆனால் அந்தச் சுரம் நின்றால் தோடியும் நிற்கும். ஜார்ஜியக் கூட்டம் அடியில் பிடிக்கும் கார்வையும், அல்பேனியர் ‘இசோ’ என்று பிடிப்பதும் இதற்கு உறவுதான். இந்நாளில் ஒத்தின் இடத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. மனிதன் செய்த தியாகத்தை மின்சாரம் செய்கிறது.

தமிழில் பல குரலைச் சேர்த்துப் பாடவைக்க முயன்றவர்களில் எம்.பி. சீனிவாசனை மறக்கலாகாது. 1970களில் சென்னையில் அவர் பயிற்றிய சேர்ந்திசைக் குழு பாரதியாரைப் பிரிகுரல்களில் பாடிற்று. கடினமான சங்கீதப் பயிற்சி இல்லாதவரையும் சேர்த்துக்கொண்டது அதன் சிறப்பு.

இத்தகைய குழுக்கள் பிறர் பாட்டைக் கண்டெடுத்துப் பரப்புவதில் ஒரு தர்மசங்கடமும் இருக்கிறது. நாகாலாந்தின் பேக் ஊரில் சோக்ரி மொழி பேசும் உழவர்கள், படிப்படியாக அமைந்த நெல்வயலில் வேலை செய்தபடியே, ஒரு குரலுக்கு மறுகுரல் கொடுத்துப் பாடும் பாட்டை அனுஷ்கா மீனாட்சியும் ஈஸ்வர் ஸ்ரீகுமாரும் 2017இல் ‘கோ கி பா லூ’ என்ற ஆவணப்படத்தில் காட்டினார்கள். அங்கே பாட்டு உழைப்பின் மூச்சு. மண்வெட்டியின் வீச்சுக்குள் அடங்கியது அதன் தாளம். நம் கரையிலும் கரைவலை இழுப்போர் ‘அம்பா’ என்ற பாட்டைப் பாடினர். ஒருவர் சொல்ல மற்றவர் பின்பாட்டுப் பாட, வலை கரை சேர்ந்தது. வலையில்லாமல் மேடையில் நின்று பாடினால் அது அம்பா ஆகுமா? ஆகாது. ஆயினும் பாடலாம் என்பதே என் கட்சி; பாடாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு அதன் ஓசைகூட எட்டாது. பாடுவோர் முதலில் அந்த ஊரின் பெயரையும், எந்த வேலையின்போது அதைப் பாடினார்கள் என்பதையும் சபையோருக்குச் சொல்லிவிட்டுப் பாடட்டும். பாடிக் கிடைக்கும் வரும்படியில் அந்த ஊராருக்கும் ஒரு பங்கு போகட்டும்.