தாழ்ப்பாளில் பெயர் எழுத முடியாது

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன், மே மாதக் கடைசியில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நோட்டும் பையும் மின்விசிறியுமாக நன்கொடை வந்து சேரும். கொடுப்பவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தானங்களில் உயர்ந்தது வித்யாதானம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஏழைப் பிள்ளையின் வகுப்பறைக்கு நாம் கொடுப்பது தானமா, கடனா என்று கேட்டுப் பார்ப்பதில்லை. எந்தச் சொல்லால் அழைத்தால் என்ன என்று தோன்றலாம். அந்தச் சொல்தான் பள்ளிக்கு எது வந்து சேரும், எது கடைசிவரை வராது என்பதைத் தீர்மானிக்கிறது.

வள்ளுவர் இரண்டையும் கலக்கவில்லை. ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை அதற்கடுத்த 23ஆம் அதிகாரம். ஈகை என்பது வறியவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. அதற்கு அவர் சொல்லும் உவமைகளில் ஊருணி ஒன்று, ஊர் நடுவே பழுத்த மரம் ஒன்று. ஊருணியில் தண்ணீர் மொள்ளுகிற பெண் யாரிடமும் கையேந்தி நிற்பதில்லை. இஸ்லாத்திலும் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது: சதகா மனமுவந்து கொடுப்பது, ஜகாத் ஐந்து கடமைகளில் ஒன்று, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு, அது ஏழைக்கு உரியது. மாநகராட்சிப் பள்ளி ஊருணியின் வகையைச் சேர்ந்தது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று மாநகராட்சி மன்றமே தீர்மானம் போட்டு ஒதுக்கியது. ஒரு புரவலரின் கருணையை நம்பி அந்தச் சோறு வடிக்கப்படவில்லை.

தானம் என்று நினைக்கும்போது கொடுப்பவரின் கண் தேர்ந்தெடுக்கிறது. விசிறியின் இறக்கையில் ‘உபயம்’ என்று எழுதலாம், பீரோவில் எழுதலாம், பையில் அச்சிடலாம். மாணவிகளின் கழிப்பறைத் தாழ்ப்பாளில் எழுத முடியாது. அது உடைந்திருந்தால் ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடித்துக்கொள்ளத் தோழி வராத நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவாள். துப்புரவுப் பணியாளரின் சம்பளம், நிரம்பிய கழிவுத் தொட்டி, ஒழுகும் குழாய் எல்லாம் இந்த வகைதான்: ஒரு நாள் கொடுத்து முடிகிற செலவல்ல, படம் எடுக்கவும் எதுவும் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. சட்டம் உரிமை என்று எழுதிவைத்ததை நாம் உபயமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நோக்கம் எதுவானால் என்ன, விசிறி சுற்றினால் போதாதா என்று கேட்கலாம். வெயிலில் வேர்க்கிற பிள்ளைக்குக் காற்று வருகிறது என்பது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பையை வாங்கும் முன் வரிசையில் நின்று படத்துக்கு முகம் காட்டச் சொல்கிறோமே, அப்போது அந்தப் பிள்ளை தான் இரந்து படிக்கிறவன் என்று கற்றுக்கொள்கிறான். புதிய கல்வியாண்டில் அவனுக்கு நடக்கும் முதல் பாடமே அதுவாகிவிடுகிறது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கடன் என்றால் அது அரசின் கடன், வரி கட்டியபின் எனக்கு என்ன வேலை? அரசின் பொறுப்பை ஒரு துளியும் தள்ளுபடி செய்ய முடியாதுதான். ஆனாலும் ஊருணியை வெட்டிக் கொடுத்தவர் அரசனே ஆனாலும், தூர் வாரியது ஊர்தான். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பள்ளியின் தேவைகளைப் பட்டியல் போட்டு ஊரார் பொறுப்பேற்றார்கள். அங்கே முதலில் வந்தது பள்ளியின் பட்டியல், கொடுப்பவரின் விருப்பம் அதற்குப் பிறகுதான். நான் வேண்டுவதும் அந்த வரிசைதான்.

இந்த மே மாதம் உங்கள் தெருவிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்குப் போனால், “இதைத் தருகிறேன்” என்று தொடங்காதீர்கள். தலைமையாசிரியரிடம் “என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். தாழ்ப்பாள் என்று சொன்னால் தச்சரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொருத்திக் கொடுங்கள்.