புல்தரையும் கொல்லாமையும்

தனக்கு இடையூறு செய்யும் உயிரை அழிக்க மனிதனுக்கு உரிமை உண்டா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. போர்க்களத்திலும் வேட்டைக்காட்டிலும் மட்டுமன்றி, வீட்டின் முன்னுள்ள சிறு புல்தரையிலும் இவ்வினா எழுகின்றது.

இங்கிலாந்தில் வீட்டுப் புல்தரையைப் பச்சைக் கம்பளம்போல் பேணுவதைப் பலர் பெருமையாகக் கருதுவர். ஓரிரவில் அதன் நடுவே மண்மேடுகள் எழுந்துவிடின் வீட்டார் உள்ளம் கொதிக்கும். அம்மேடுகளை எழுப்புவது அகழெலி. பெயரில் எலி இருப்பினும் அஃது எலியினம் அன்று. பட்டுப்போன்ற கரிய மயிரும் மண்வெட்டி போன்ற முன்கால்களும் உடையது, தனித்து வாழ்வது. அது புல்லை உண்பதில்லை. மண்புழுவும் பூச்சிப்புழுக்களுமே அதன் உணவு. ஆதலின், புழு மிகுந்த வளமான மண்ணையே நாடி வருகின்றது.

அதனை ஒழிக்க மனிதன் கையாண்ட வழிகளோ கொடியவை. எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சை மண்புழுவில் தடவி வளையில் இட்டனர். அதனை உண்ட உயிர் உடல் முறுக்குண்டு துடித்து மாண்டது. பிரிட்டனில் இம்முறை 2006ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. உயிருடன் பிடிக்கும் பொறி அருளுடையதுபோல் தோன்றும். ஆயினும், அடிக்கடி உண்டு வாழும் இவ்வுயிர், பொறி கவனிக்கப்படாவிடில் சில மணி நேரத்திலேயே பசியால் மடியக்கூடும். கவனமற்ற கருணையும் கொடுமையே அன்றோ?

அவ்வாறாயின் உழவனும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா எனச் சிலர் வினவலாம். அவன் நிலை வேறு. மேட்டு மண் தீவனத்தில் கலந்தால் ஆடுகள் நோயுறக்கூடும். கற்கள் அறுவடைக் கருவியைக் கெடுக்கும். அவன் இழப்பது பிழைப்பு. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, செங்கோன்மையில் கொலைஞரை ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுத்தலோடு ஒப்பிட்டார். அங்கே காக்கப்படுவதற்கு ஒரு பயிர் உண்டு. புல்தரைக்கு உரியவன் காப்பது எப்பயிரை? அவன் இழப்பது கண்ணுக்கினிய தோற்றம் ஒன்றே.

இழப்பின் அளவே செயலின் அளவாதல் வேண்டும். மேட்டு மண்ணை வாரிப் பூந்தொட்டியில் இடலாம். புதிதாகப் புல் பதிப்போர் அடியில் கம்பிவலை விரிக்கலாம். கொன்றொழித்தாலும் வெறுமையான வளையில் மற்றோர் அகழெலி குடிபுகக்கூடும். கொலைக்குப் பயனும் நிலையாது.

தேவை வேறு, விருப்பம் வேறு. தேவையின் பெயரால் விருப்பம் பேசும்போது அதனை இனங்கண்டுகொள்ளுதலே அறக்கல்வியின் முதற்படியாகும். அப்பயிற்சியை மாணவர்க்கு அளித்தல் ஆசிரியர் கடன்.