கற்பனையும் வரப்பிரசாதமும்



ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் நாற்பது வயதைத் தாண்டிய குடும்பத் தலைவர். மற்றவர் பேரப்பிள்ளைகளைக் கண்ட தாயார். அவர்கள் பேசியது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று, கோயில் திண்ணையில். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று இருவரும் சம்மதம் கொடுத்தபடியால் எழுதுகிறேன்.

அந்த மனிதர் சொன்னார்: “குடியை விடு விடு என்று எத்தனையோ முறை புத்தி சொல்லிவிட்டீர்கள், சாமி. விடத்தான் நினைக்கிறேன். ஆனால் அது நம் கையிலா இருக்கிறது? ஆண்டவர் வரப்பிரசாதம் கொடுக்கிற அன்றைக்குத் தானாக விட்டுப் போகும்.” அவர் கேலியாகச் சொல்லவில்லை, பக்தியாகவே சொன்னார். பின்னால் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மகளுடைய கம்மலை அடகு வைத்துப் பள்ளிக்குப் பணம் கட்டியவள். அவள் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தாயாரோ ஒருநாளும் ஜெபமாலை தவறாதவர். ஞாயிறு பூசைக்கு மழையானாலும் வருகிறவர். ஆனால் எட்டு மாதமாகத் தேவநற்கருணை உட்கொள்ளவில்லை. காரணம் கேட்டேன். “மருமகள்மேல் வருகிற கோபத்தை அடக்க முடியவில்லை, சாமி. பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், மறுநாளே திரும்பவும் வந்துவிடுகிறது. முதலில் நான் என்னைச் சரிப்படுத்திக்கொள்கிறேன், பிறகு ஆண்டவரை வாங்குகிறேன்” என்றார்.

ஒருவர் எல்லாவற்றையும் சர்வேசுரன் தலையில் போட்டுவிட்டார். மற்றவர் எல்லாவற்றையும் தம் தலையில் போட்டுக்கொண்டார். வெவ்வேறு வழியாக வந்தாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: வாசலுக்கு வெளியே.

இவர்களுக்கு என்ன சொல்வது? அவரிடம் “இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யும்” என்றும், அந்த அம்மாளிடம் “இன்னும் கொஞ்சம் நம்பும்” என்றும் சொல்லி, இருவரையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று தோன்றும். பாதி நம் கீழ்ப்படிதல், பாதி அவருடைய வரப்பிரசாதம்! குருமடத்தில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது தவறு என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் மீனைப் பங்கு பிரிக்கிறார்கள். இழுத்தவனுக்கு இவ்வளவு, வலைக்காரனுக்கு இவ்வளவு. ஒருவன் பங்கு ஏறினால் மற்றவன் பங்கு இறங்கும். சர்வேசுரனும் நாமும் அப்படிக் கூட்டுச் சேர்ந்த பங்காளிகள் அல்ல. ஒருவன் கடிதம் எழுதுகிறான். எழுதியது கையா, பேனாவா? பாதி எழுத்தைக் கையும் பாதி எழுத்தைப் பேனாவும் எழுதின என்று யாராவது சொல்வார்களா? முழுக்கடிதமும் கையினால் ஆனது. முழுக்கடிதமும் பேனாவினால் ஆனது. நாம் செய்யும் நற்கிரியையும் அப்படியே. அது முழுவதும் அவருடைய வரப்பிரசாதம், முழுவதும் நம்முடைய கீழ்ப்படிதல். பேனாவுக்கு மனமில்லை, நமக்கோ மனோசுயாதீனம் உண்டு, நாம் மறுக்கலாம். வித்தியாசம் அவ்வளவே. அர்ச். சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதும்போது, அச்சத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சண்யத்துக்காக உழையுங்கள் என்கிறார். அதே மூச்சில், உங்களுக்குள் விருப்பத்தையும் செயலையும் உண்டாக்குகிறவர் சர்வேசுரனே என்கிறார். ‘ஆனாலும்’ என்று சொல்லி அவர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ‘ஏனெனில்’ என்றுதான் சேர்க்கிறார். அவர் உழைக்கிறார், ஆகவே நீங்களும் உழையுங்கள்!

இந்தப் பாதையின் இரண்டு பக்கத்திலும் பள்ளம் உண்டு. திருச்சபையின் பிள்ளைகள் இரண்டிலும் விழுந்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் பெலாஜியுஸ் என்னும் சந்நியாசி இருந்தார். ஒழுக்கமுள்ளவர், சோம்பேறிக் கிறிஸ்தவர்களைக் கண்டு மனம் கொதித்தவர். அர்ச். அகுஸ்தீன் தம் நூலில், ஆண்டவர் எதைக் கட்டளையிடுகிறாரோ அதைச் செய்யும் பலத்தையும் அவரே தரவேண்டும் என்று மன்றாடியிருந்தார். அதை வாசிக்கக் கேட்ட பெலாஜியுசுக்குப் பொறுக்கவில்லை. அது மனிதருடைய சோம்பலுக்குச் சாக்கு என்று எண்ணினார். மனிதன் தன் சொந்த பலத்தாலேயே கற்பனைகளைக் காக்கலாம் என்று போதித்தார். 418-ல் கார்த்தேஜ் நகரச் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மொலினோஸ் என்னும் ஸ்பானியக் குரு. ஆத்துமம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதே உத்தமம் என்ற அவர் போதனையை 1687-ல் பாப்பரசர் பதினோராம் இன்னொசென்ட் கண்டித்தார். அந்தத் தாயார் பெலாஜியுசின் பேரைக் கேட்டதில்லை. அந்தக் குடும்பத் தலைவர் மொலினோஸை அறியார். ஆனாலும் பழைய பள்ளங்கள் நம் திண்ணைவரைக்கும் நீண்டிருக்கின்றன!

நம் செய்யூர்ப் பக்கத்து உப்பளத்தைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் உப்பளத் தொழிலாளி சேறாகிக் கிடக்கும் பாத்தியில் இறங்குகிறான். சேற்றை வாருகிறான், சமன் செய்கிறான், காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குகிறான், வரப்புக் கட்டுகிறான், உப்புநீரைப் பாய்ச்சுகிறான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டின பிறகுதான் உப்புப் பூக்கும். சுண்டச் செய்வது யார்? வெயிலும் காற்றும். பாத்திக்காரன் இரவு பகல் கண்விழித்தாலும் ஒரு கல் உப்பைத் தன் கையால் உண்டாக்க முடியாது. ஆனால் மிதிக்காத பாத்தியிலும் அதே வெயில்தான் காய்கிறது. அங்கே வெடித்த சேறுதான் மிஞ்சுகிறது. உப்பை அள்ளுகிறபோது, “இது என் காலால் வந்தது” என்று அவன் பெருமை பேசுவதில்லை. “வெயில் இருக்கிறதே, நான் ஏன் மிதிக்கவேண்டும்?” என்று வீட்டில் படுத்திருப்பதுமில்லை.

இந்த உவமையிலும் ஒரு குறை உண்டு. பாத்தியை மிதிக்கும் பலமாவது அவனுடையது என்று நீங்கள் நினைக்கக்கூடும். நம் விஷயத்தில் அந்தக் காலின் பலமும் கொடுக்கப்பட்டதே. நல்லதைச் செய்ய நமக்குள் எழும் முதல் ஆசையே வரப்பிரசாதம் என்று 529-ல் ஒரேஞ்சு நகரச் சங்கம் தெளிவாகப் போதித்தது. “குடியை விட நினைக்கிறேன்” என்று அந்த மனிதர் சொன்னாரே, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? வரப்பிரசாதம் இன்னும் வரவில்லை என்று அவர் காத்திருக்கிறார். அதுவோ அவர் நெஞ்சுக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது!

சுவிசேஷத்தில் சூம்பின கையுள்ள ஒருவனைப் பார்க்கிறோம். ஓய்வுநாளில் ஜெபக்கூடத்தில் சேசுநாதர் அவனை நடுவில் நிற்கச் சொல்லி, கையை நீட்டும்படி கட்டளையிட்டார். அவனால் முடியாத காரியம் அது ஒன்றுதான். ஆண்டவர் அதையே கேட்டார். “சுவாமி, முதலில் குணமாக்கும், பிறகு நீட்டுகிறேன்” என்று அவன் சொல்லியிருக்கலாம். அல்லது, “வீட்டுக்குப் போய்ப் பழகி, நீட்ட வந்ததும் திரும்பி வருகிறேன்” என்று சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் கை சூம்பினபடியே இருந்திருக்கும். அவன் நீட்டினான்; நீட்டுகையில் குணமானான். கட்டளைக்குள்ளேயே பலம் இருந்தது. வரப்பிரசாதம் கீழ்ப்படிதலுக்கு முன்னே தனியாக ஒரு நாளும் பின்னே தனியாக ஒரு நாளும் வருகிறதில்லை. கீழ்ப்படிகிற அந்தக் கைக்குள்ளேயே வருகிறது.

நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம் பார்த்தவர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு அரசரின் சேனையில் சேர்ந்த டச்சுக்காரர் டிலன்னாய் அவருக்குச் சிநேகிதரானார். தம் குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டங்களைச் சொல்லி நீலகண்டன் வருந்தியபோது, டிலன்னாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. 1745 மே மாதத்தில் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு பூத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். அதற்கு அர்த்தமே சர்வேசுரனின் உதவி.

அரசாங்கத்தில் ஊழியம் செய்தவருக்குக் கீழ்ப்படிதல் பழகிப்போன காரியம். கண்ணுக்குத் தெரிகிற அரசருக்குக் கீழ்ப்படிவதற்கு வரப்பிரசாதம் வேண்டியதில்லை, பயமே போதும். 1749-ல் சிறைப்பட்டபின் அவருக்குக் கேட்கப்பட்டது வேறு கீழ்ப்படிதல். அடித்தார்கள், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள், சங்கிலியால் கட்டி வைத்தார்கள். ஒருநாள் வீரம் காட்டுவது சிலருக்குச் சுபாவத்தினாலேயே முடியும். மூன்று வருஷம் ஒவ்வொரு காலையிலும், ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை என்று தெரிந்தும், அந்த வார்த்தையைச் சொல்லாதிருப்பது சுபாவத்தின் பலமல்ல. 1752 சனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொல்லும் முன், சற்று நேரம் ஜெபிக்க உத்தரவு கேட்டார் என்று பாரம்பரியம் சொல்கிறது. நினைத்துப் பாருங்கள்! மூன்று வருஷம் நிலைநின்றவர், “இவ்வளவு தாங்கினேன், இன்னும் ஒரு நிமிஷம்தானே, இதை நானே தாங்கிக்கொள்வேன்” என்று எண்ணவில்லை. கடைசி நிமிஷத்துக்கும் உதவி கேட்டார். 2022 மே 15-ல் பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். குருவும் அல்லாமல், சந்நியாசியும் அல்லாமல், இல்லறத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் பீடத்துக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதல் தடவை. அவருடைய வாழ்வு முழுவதும் கீழ்ப்படிதல். அவருடைய பெயர் முழுவதும் வரப்பிரசாதம். எந்தப் பக்கம் எவ்வளவு என்று யாரால் நிறுக்க முடியும்?

ஆகையால் நாம் செய்யவேண்டியது என்ன? 1547-ல் திரிதெந்தீன் சங்கம் அர்ச். அகுஸ்தீனைப் பின்பற்றிச் சொன்னதன் கருத்து இது: சர்வேசுரன் முடியாததைக் கட்டளையிடுகிறதில்லை, முடிந்ததைச் செய்யவும், முடியாததைக் கேட்கவும் கட்டளையிடுகிறார், கேட்கிறவனுக்குச் செய்யும்படி உதவுகிறார். கேட்பதும் ஒரு கீழ்ப்படிதல் என்பதைக் கவனியுங்கள். எதுவும் முடியாதவனுக்கும் கேட்க முடியும்.

அந்தக் குடும்பத் தலைவருக்கு நான் சொன்னது: “ஆயுள் முழுவதும் குடியை விட இன்று உம்மால் முடியாதிருக்கலாம். இன்று மாலை வேறு தெருவழியாக வீட்டுக்குப் போக முடியுமா? கூலிப் பணத்தை நேரே மனைவி கையில் கொடுக்க முடியுமா? குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் என்னோடு வர முடியுமா? முடிந்ததைச் செய்யும். தெருமுனையில் கால் நடுங்கும்போது முடியாததைக் கேளும். வைத்தியரின் மருந்தும் ஆண்டவரின் உதவியே.” அந்தத் தாயாருக்குச் சொன்னது: “தேவநற்கருணை சுகமானவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, அம்மா, பலவீனருக்குப் போஜனம். உண்மையான மனஸ்தாபத்தோடு பாவசங்கீர்த்தனம் செய்தீர்களானால் தாமதியாமல் வாருங்கள். கோபம் வருவதை உங்களால் தடுக்க முடியாதிருக்கலாம். வந்த பிறகு மருமகளிடம் போய், ‘மன்னித்துக்கொள், அம்மா’ என்று சொல்ல முடியும். பிறகு அந்தக் கோபத்தை ஆண்டவரிடமே கொண்டுவாருங்கள்.”

இதை எழுதுகிற நானும் இந்தப் பாடத்தைப் படித்து முடித்தவன் அல்ல. இருபது வயதில் மணியடித்ததும் எழுந்து, ஒழுங்குகளை ஒன்றும் தவறாமல் காத்து, என்னை நானே அர்ச்சியசிஷ்டனாக்கப் பார்த்தேன். மிஞ்சினது ஒழுங்கு தவறினவர்கள்மேல் எனக்கு உண்டான இளக்காரம் ஒன்றே. பிற்பாடு சலிப்பு வந்தது. “சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி, போயிருக்கவேண்டிய வீடுகளுக்குப் போகாமலிருந்தேன். நம்பிக்கை என்று நான் பெயரிட்டது சோம்பல். ஆகவே, என் பிள்ளைகளே, குருவானவர் மேலே நின்று உபதேசிக்கிறார் என்று எண்ணாதேயுங்கள். நானும் சேற்றுப் பாத்தியில் இறங்கி மிதித்துக்கொண்டிருக்கிறவன்தான்.

அந்தக் குடும்பத் தலைவர் டாக்டரிடம் இரண்டு முறை வந்தார், நடுவில் ஒருமுறை விழுந்தார், திரும்பவும் வந்தார். முடிவு இன்னும் தெரியாது. அவருக்காக இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை, ஆண்டவருக்குத் தெரியும். அந்தத் தாயார் போன ஞாயிற்றுக்கிழமை தேவநற்கருணை உட்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் மருமகள் நின்றாள்.

உங்களிடம் ஆண்டவர் இன்று நீட்டச் சொல்லுகிற கை எது? அதை நீங்களே அறிவீர்கள். குணமாகட்டும் என்று காத்திராதேயுங்கள். தனியே பழகிக்கொண்டு வரலாம் என்றும் போகாதேயுங்கள். அவர் பார்க்க, இப்போதே நீட்டுங்கள்.

சர்வேசுரன் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு